சொல்லிச் செய்விக்கும் கிட்டாருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

அக்கா மகனுக்கு இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை. 2009இல், முள்ளிவாய்க்காலில், பதினொரு வயதில் ஷெல் துண்டு பட்டுப் போனவை. அக்கா வாழ்க்கைப்பட்டது 1977 வன்செயலுக்குப் பிறகு டிக்கோயாவை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறிய ஒரு குடும்பத்தில். எல்லாம் முடிந்தபின் பிள்ளையை மட்டும் கூட்டிக்கொண்டு பிறந்த தோட்டத்துக்கே திரும்பி வந்தார். இன்றும் கொழுந்து பறிக்கிறார். மகன் ஹட்டனில் ஒரு கடையில் தொலைபேசி திருத்துகிறான். மிஞ்சிய இரண்டு விரல்களையும் பெருவிரலையும் வைத்துக்கொண்டு கிட்டார் பழகி, தேவாலயத்திலும் கலியாண வீடுகளிலும் வாசிக்கிறான்.

அவனுக்குத் தன் கைக்கென்றே ஒரு எலக்ட்ரிக் கிட்டார் செய்விக்க வேண்டும் என்று ஆசை. கொழும்புப் பக்கத்தில் கிட்டார் செய்பவர் ஒருவர் சொன்ன விலை இரண்டரை இலட்சம் ரூபா. விழாக்களுக்கு சவுண்ட் செட் கட்டுவதும் பழுது பார்ப்பதும் என் தொழில் என்பதால், “மாமா, இது நியாயமான விலையா?” என்று என்னிடம் வந்தான். இதே கேள்வி வேறு பல வீடுகளிலும் இருக்கக்கூடும். போரில் கையோ காலோ இழந்த பிள்ளைகளுக்குக் கடையில் தொங்கும் சாமான் எதுவும் அப்படியே பொருந்துவதில்லை. ஆகவே நாங்கள் கணக்குப் பார்த்த விதத்தை எழுதுகிறேன்.

முதலில் பணம். 2024இல் 1350 ரூபாவான அடிப்படை நாட்சம்பளத்தில் பார்த்தால், இரண்டரை இலட்சம் என்பது 185 நாள் கொழுந்து. ஊழியர் சேமலாப நிதிக்குப் போகும் 8 வீதத்தைக் கழித்தால் 200 நாளைத் தாண்டிவிடும். மாதம் 20 நாள் வேலை கிடைத்தாலும் பத்து மாதம், அதுவும் ஒரு பிடி அரிசிகூட வாங்காமல். இதைச் சொன்னபோது அவன் முகம் வாடியது. ஆனால் விலை அதிகம் என்பதால் மட்டும் அது நியாயமற்ற விலையாகிவிடாது. ஒருவர் வாரக்கணக்கில் கையால் செய்கிற வேலை அது. பிக்கப், முறுக்காணி, பாலம், பிரெட் கம்பி எல்லாம் டொலர் கொடுத்து வரவழைக்கப்படுபவை. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

எனக்கு முக்கியமாகப் பட்ட கேள்வி வேறு. கடைக் கிட்டார் செய்யாத எதை இந்தக் கிட்டார் செய்யப் போகிறது? அந்த ஒன்றுக்குத்தான் கூடுதல் பணம். மற்றதெல்லாம் அழகுக்கு.

சொல்லிச் செய்வித்த எலக்ட்ரிக் வாத்தியம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் வயலின் கலைஞர் எல். சங்கர். அவருடைய தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். பிள்ளைகள் வளர்ந்ததும் அங்கேதான். 1958 கலவரத்தோடு அந்தக் குடும்பம் இலங்கையை விட்டுப் போனது. பின்னர் ‘சக்தி’ குழுவில் வாசித்து உலகப் பெயர் பெற்ற சங்கர், 1980 அளவில் தனக்கென ஒரு வாத்தியத்தை வடிவமைத்தார். இரண்டு கழுத்து, கழுத்துக்கு ஐந்து கம்பி, மொத்தம் பத்து. வயலினில் தொடங்கி டபுள் பேஸ் வரையான சுரங்கள் ஒரே ஆளின் கையில் வரும். அதைச் செய்து கொடுத்தவர் அமெரிக்கக் கிட்டார்ச் சிற்பி கென் பார்க்கர். அப்படி ஒன்று எந்தக் கடையிலும் இருக்கவில்லை. செய்விப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. அதே குழுவின் ஜோன் மெக்லாலினுக்கு ஏபிரகாம் வெக்டர் செய்த கிட்டாரும் அப்படித்தான். பிரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்திருந்ததால் கம்பியை ஆழமாக இழுத்துக் கமகம் பிடிக்க முடிந்தது.

எங்கள் பையனுடைய தேவை இந்த வகையா? அவனுக்கு ஜாங்கோ ரைன்ஹார்ட்டைக் காட்டினேன். 1928இல், பதினெட்டு வயதில், வண்டி வீடு தீப்பற்றி அவருடைய இடது கை கருகியது. பாதிக்கப்பட்டவை மோதிர விரலும் சுண்டு விரலும், அதாவது இவனுக்கு இல்லாத அதே இரண்டு. மிஞ்சிய இரண்டு விரல்களால் தனி வாசிப்பு முழுவதையும் ஓட்டி, ஐரோப்பிய ஜாஸ் இசையின் பெரிய பெயராக ஆனார். பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் பதினேழு வயதில் இரண்டு விரல் நுனிகளை இழந்த டோனி அயோமி, பிளாஸ்டிக் போத்தலை உருக்கித் தனக்கே விரல் தொப்பி செய்துகொண்டார். மெல்லிய கம்பி போட்டார். பிறகு கம்பியைத் தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்கினார். ‘பிளாக் சப்பாத்’ குழுவின் அந்தக் கனத்த ஓசைக்கு இந்தத் தளர்த்தலும் ஒரு காரணம். தேயிலைத் தொழிற்சாலை ரோலரில் கை கொடுத்தவர்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அவருடைய கதை அந்நியமில்லை.

அயோமி செய்த காரியத்துக்குச் செலவு மிகக் குறைவு. அதுதான் எனக்கு வழி காட்டியது. கம்பியின் இறுக்கம் மூன்று விடயங்களைப் பொறுத்தது: கம்பியின் தடிப்பு, நீளம், சுருதி. கடைகளில் அதிகம் கிடைக்கும் கிட்டார்களில் பாலத்துக்கும் தலைப் பக்கத்து நட்டுக்கும் இடையே 25.5 அங்குலம். இன்னொரு பெரிய வகையில் 24.75. சில சிறிய வகைகளில் 24. அதே கம்பி, அதே சுருதி என்றால் 25.5இலிருந்து 24க்கு வரும்போது இறுக்கம் 11 வீதம் அளவில் குறையும். பிரெட்டுகளும் நெருங்கி வரும். இரண்டு விரலால் எட்டிப் பிடிப்பவனுக்கு இந்த நெருக்கம் பெரிய உதவி.

இதைச் சோதிக்கப் புதிய கிட்டார் தேவையில்லை. கையில் இருக்கும் 25.5 அங்குலக் கிட்டாரில் ஆறு கம்பிகளையும் அரைச் சுரம் இறக்கி, முதல் பிரெட்டில் ஒரு கேப்போ மாட்டினால் போதும். சுருதி பழைய இடத்துக்கு வந்துவிடும். நீளம் ஏறக்குறைய 24 அங்குலமாகிவிடும். ஒரு கேப்போ விலையில் 24 அங்குலக் கிட்டார். அவனை இரண்டு மாதம் அப்படியே வாசிக்கச் சொன்னேன். முதல் வாரத்திலேயே எட்டாத இரண்டு கோர்ட்டுகள் எட்டின. ஆனால் புதிதாக ஒன்று தெரிய வந்தது. கடைசித் தடித்த கம்பியை அவன் பெருவிரலை மேலால் சுற்றிப் போட்டுத்தான் அழுத்துகிறான். அதற்குக் கழுத்து அகலமாகவும் தடிப்பாகவும் இருந்தது. வழக்கமான நட் அகலம் 42, 43 மில்லிமீற்றர். இவனுடைய கைக்கு 39 போதும் என்று அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தோம்.

ஆக, அவனுடைய தேவை கழுத்தில்தான் இருக்கிறது. உடலில் இல்லை, மரத்தின் பெயரில் இல்லை, வர்ணத்தில் இல்லை. லியோ ஃபெண்டர் 1950இல் விற்பனைக்கு விட்ட கிட்டாரில் கழுத்தை நான்கு திருகாணிகளால்தான் பூட்டினார். இன்றைய மலிவுக் கிட்டார்களில் மிகப் பெரும்பாலானவை அதே முறை. கழற்றலாம், மாற்றலாம். கழுத்தை மட்டும் செய்து தருவீர்களா என்று அதே ஆளிடம் கேட்டோம். 90 ஆயிரம் என்றார். ஏற்கெனவே இருக்கும் கிட்டாரின் உடலை அவரிடமே கொடுத்துவிட வேண்டும் என்றார். அது சரியான பேச்சு. பாலம் இருக்கும் இடத்திலிருந்து அளந்துதான் பிரெட்டுகளின் இடத்தைக் குறிக்க வேண்டும். ஒரு மில்லிமீற்றர் பிசகினால் எந்தக் கோர்ட்டும் சுருதி சேராது. உடலைப் பார்க்காமல் கழுத்துச் செய்கிறேன் என்பவரிடம் பணம் கொடுக்க வேண்டாம்.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சவுக்கு மரத்தில் உடல் செய்தால் மலிவாக முடியாதா என்று அவன் கேட்டான். செய்யலாம். திண்ணிய மரத்தில் செய்யும் எலக்ட்ரிக் கிட்டாரில் உடல் மரத்தைவிட பிக்கப்பும் கம்பியும் ஆம்பும்தான் ஓசையை அதிகம் தீர்மானிக்கின்றன. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலா மரம் எப்படி உயிரோ அப்படியல்ல இது. ஆனால் ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓர் ஆண்டு என்பது காற்றில் உலர்த்துபவர்கள் சொல்லும் பழைய கணக்கு. டிக்கோயாவின் ஈரத்தில் அது இன்னும் இழுபடும். காயாத மரத்தில் செய்த கழுத்து முதல் தென்மேற்குப் பருவத்திலேயே முறுகும். மரம் தோட்டத்துச் சொத்து என்பது வேறு விடயம். அரியவகை மரம் என்று சொல்லி யாராவது விலையை ஏற்றினால், எலக்ட்ரிக்கைப் பொறுத்தவரை அது பார்வைக்குக் கொடுக்கும் பணம்.

மிச்சப் பணத்தை எங்கே போடுவது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். எங்கள் பக்கம் விழா மேடைகளில் 230 வோல்ட் மின்சாரத்தை எங்கிருந்தோ வயர் இழுத்துக் கொண்டு வருகிறார்கள். பழைய லயங்கள் பலவற்றில் நிலத்தொடுப்பு வயரே இல்லை. எலக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள் ஆம்பின் நிலத்தொடுப்போடு இணைந்தவை. கை கம்பியில் இருக்க, வேறு இணைப்பிலிருந்து வரும் மைக்கில் உதடு பட்டால் மின்சாரம் உடம்பு வழியாகப் போகும். 1972இல் வேல்ஸில் லெஸ்லி ஹார்வி என்ற கிட்டார்க் கலைஞர் மேடையில் இறந்தது சரியாக நிலத்தொடுப்பில்லாத மைக்கைத் தொட்டுத்தான். ஆகவே கிட்டாருக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் செலவு: 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் பூட்டிய ஒரு நீட்டிப்புப் பெட்டி. கிட்டாரும் மைக்கும் ஒரே பெட்டியில் இருந்துதான் மின்சாரம் எடுக்க வேண்டும். அந்தப் பெட்டிக்கும் நிலத்தொடுப்பு வர வேண்டும். இல்லாவிட்டால் மேடைக்கு அருகில் கம்பி அடித்து எடுக்க வேண்டும். இதில் பேரம் பேசக் கூடாது.

அடுத்தது இரைச்சல். ஒற்றைச் சுருள் பிக்கப் குழல் விளக்குக்கும் மின்மாற்றிக்கும் அருகே ‘ம்ம்ம்’ என்று முனகும். எதிர் எதிராகச் சுற்றிய இரட்டைச் சுருள் பிக்கப்பில் அந்த முனகல் ஒன்றை ஒன்று அடித்துவிடும். தேவாலயத்தில் வாசிப்பவனுக்கு இரட்டைச் சுருள்தான் நல்லது. பிறகு ஆம்ப். ஆள் கேட்பது கடைசியில் ஆம்பின் ஓசையை. உடைந்த ஒலிபெருக்கியில் இரண்டரை இலட்சக் கிட்டாரும் உடைந்த ஓசைதான் தரும்.

விற்பனை மதிப்பையும் யோசிக்க வேண்டும். பெயர் பெற்ற நிறுவனத்தின் கிட்டாரை நாளை விற்றால் பாதிப் பணமாவது வரும். மூன்று விரலுக்கென்று செதுக்கிய 39 மில்லிமீற்றர் கழுத்தை யார் வாங்குவார்? கொடுத்த நாளிலேயே அந்தப் பணம் போய்விட்டது என்று எழுதிவிட வேண்டும். இதனால்தான் கடன் வாங்கிச் செய்விக்கக் கூடாது என்கிறேன். அக்கா தன் சங்கிலியை அடகு வைக்கலாம் என்றார். நான் மறுத்துவிட்டேன். தீபாவளி முற்பணமும் வேண்டாம் என்றேன். அது அடுத்த மாதங்களின் சம்பளத்தில் வெட்டுப்படுகிற பணம். நுண்கடன் வடக்கில் என்ன செய்தது என்பதை நான் கிளிநொச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரர்கள் சேர்ந்து போடும் சீட்டில் அவன் பெயரில் ஒரு பங்கு ஓடுகிறது. அது விழும்போது வருவது ஒரு இலட்சம். அந்த ஒரு இலட்சம்தான் எல்லை.

“விரல் போன கைக்கு இவ்வளவு செலவா, தம்பி?” என்று அக்கா ஒரு தடவை என்னிடம் கேட்டார். மகனுக்குக் கேட்காமல், தாழ்ந்த குரலில். கோபத்தில் கேட்டதல்ல. பதினாறு ஆண்டுகளாக அந்தக் கைக்குச் செலவு என்றாலே மருந்துச் செலவு. நான் வரவைச் சொன்னேன். ஒரு கலியாண வீட்டுக்கு அவன் கைக்கு நாலாயிரம் வருகிறது, மாதம் இரண்டு. கழுத்தும் பெட்டியும் சேர்த்து ஒரு இலட்சம் என்றால் பதின்மூன்று மாதத்தில் திரும்பிவிடும். இரண்டரை இலட்சமும் ஆம்பும் என்றால் மூன்று ஆண்டு ஆனாலும் திரும்பாது. அக்கா விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

செய்பவரோடு பேசும்போது வாய்ப்பேச்சோடு நிற்க வேண்டாம். நட் அகலம், முதல் பிரெட்டிலும் பன்னிரண்டாம் பிரெட்டிலும் கழுத்தின் தடிப்பு, கம்பி நீளம், உள்ளே முறுக்கிச் சரிசெய்யும் இரும்புக் கம்பி உண்டா, மரம் எவ்வளவு காலம் காய்ந்தது என்பவற்றை ஒரே தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட வேண்டும். கையின் அளவைக் கொடுப்பதைவிடக் கையையே கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. பெருவிரல் எப்படி வளைகிறது என்பதைச் செய்பவர் தொட்டுப் பார்க்க வேண்டும். முற்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். கழுத்தைச் செதுக்கி வர்ணம் பூசுமுன் ஒரு தடவை பிடித்துப் பார்க்க விட வேண்டும். பூசிய பின் திருத்துவதென்றால் இரட்டிப்பு வேலை.

எங்கள் தாளில் இன்னொரு வரியும் சேர்த்தோம். டிக்கோயாவில் ஒரு மழைக்காலம் கழிந்ததும் கழுத்தை ஒருமுறை கூலி வாங்காமல் நிமிர்த்திக் கொடுக்க வேண்டும். அவர் கொஞ்சம் யோசித்தார். ஒக்டோபரில் கொண்டு வாருங்கள் என்று தன் கையாலேயே எழுதினார்.