ஷேக்கிள்டன், எர்னஸ்ட் (1874–1922): தலைமைப் பாங்கு

அயர்லாந்தில் பிறந்த துருவ ஆய்வாளர். இவரது 'என்டியூரன்ஸ்' கப்பல் அன்டார்க்டிகாவின் வெடல் கடற்பனியில் சிக்கி 1915 நவம்பரில் மூழ்கியது. அதிலிருந்த 28 பேரும் உயிர்தப்பினர். ஆட்களின் மனமறிந்து நடத்தியதற்காக மேலாண்மை வகுப்புகளில் இன்றும் பேசப்படுகிறார். முணுமுணுப்பவர்களை ஒதுக்காமல் தம் கூடாரத்திலேயே சேர்த்துக்கொண்டார். கப்பல் மூழ்கியபின் எலிஃபன்ட் தீவுக்குத் தப்பிச் சென்ற படகில் கையுறை இழந்த நிழற்படக் கலைஞர் ஹர்லிக்குத் தம்முடையதைக் கழற்றிக் கொடுத்தார். ஹர்லி வாங்க மறுத்தபோது, கையுறையைக் கடலில் எறிந்துவிடுவதாக மிரட்டினார். பிறகு ஷேக்கிள்டனின் விரலே குளிரில் விறைத்தது. படகில் உதவி தேடிப் புறப்பட்டபோது எலிஃபன்ட் தீவில் விட்டுவந்த 22 பேரை, மூன்று முயற்சிகள் தோற்றபின் 1916 ஆகஸ்ட் 30-இல் மீட்டார். ஆனால் இந்தப் பரிவை அளவுக்கு மீறிப் புகழ வேண்டியதில்லை. பனியில் ஒருமுறை உத்தரவுக்குப் பணிய மறுத்த தச்சர் மக்னீஷ்தான் அந்தப் படகைச் செப்பனிட்டவர். அவருக்குத் துருவப் பதக்கம் வழங்க ஷேக்கிள்டன் பரிந்துரைக்கவே இல்லை.