ஒத்திகை என்னும் குற்றம்

2025 மே மாதம் மறைந்த கூகி வா தியாங்கோவை நம்மில் பலருக்கு ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ வழியாகத்தான் தெரியும். சிறையில், கழிப்பறைக் காகிதத்தில் எழுதப்பட்ட நாவல். அவரைச் சிறைக்கு அனுப்பியது ஒரு நாடகம் என்பார்கள். அந்த நாடகத்தின் ஒத்திகை என்றே நான் சொல்வேன்.

கென்யாவில் லிமுருவுக்குப் பக்கத்தில் காமிரீத்து. 1950களின் அவசரநிலையில், மாவ் மாவ் போராளிகளிடமிருந்து மக்களைப் பிரித்து அடைத்துவைக்க ஆங்கிலேயர் உண்டாக்கிய கிராமம். விடுதலை வந்தது, நிலம் வரவில்லை. தேயிலைத் தோட்டத்திலும் செருப்பு ஆலையிலும் கூலிவேலை. 1977இல் இந்த மக்களோடு கூகியும் கூகி வா மிரியியும் கிகூயு மொழியில் ‘நஹீகா ந்தேண்டா’வை உருவாக்கினார்கள்.

ஒத்திகை திறந்தவெளியில் நடந்தது. யார் வேண்டுமானாலும் வரலாம், குறுக்கே பேசலாம். வயசானவன் இப்படிப் பேசமாட்டான் என்று பெரியவர்கள் வசனத்தைத் திருத்தினார்கள். கல்யாணக் காட்சியின் பாட்டும் சடங்கும் மூத்த பெண்களிடமிருந்து வந்தன. ஆலையில் உழைப்பு எப்படிச் சுரண்டப்படுகிறது என்பதில் ஒரு விவரம்கூடத் தப்பாகிவிடக் கூடாதென்று தொழிலாளர்கள் வாதாடினார்கள். நாடகத்துக்குப் பொம்மைத் துப்பாக்கி செய்தவரோ, ஐம்பதுகளில் போராளிகளுக்கு நிஜத் துப்பாக்கி செய்து கொடுத்தவர்! சுதந்திர அரசு மறக்கச் சொன்ன கைப்பழக்கம் அது. அதற்கு மறுபடியும் வேலை வந்துவிட்டது.

இதை ‘ஒற்றுமை’ என்ற சௌகரியமான சொல்லில் அடைக்க எனக்கு விருப்பமில்லை. அங்கே இடம் மாறியது அறிவின் அதிகாரம். ஆங்கில நாவலாசிரியர், பல்கலைக்கழகப் பேராசிரியர், தன் தாய்மொழியை நிலமற்றவர்களிடம் திரும்பக் கற்கிறார். கிராமத்துக்குப் போய் ‘பட்டறை’ நடத்துகிற நம்ம ஆட்கள் யோசிச்சுப் பார்க்கலாம்: எத்தனை தடவை நம்ம பிரதி மாறியிருக்கு?

அரசுக்கு இது புரிந்துவிட்டது. 1977 அக்டோபர் 2 அரங்கேற்றம். நவம்பர் 16 உரிமம் ரத்து. டிசம்பர் முடிவதற்குள் கூகி கைது. விசாரணையே இல்லாமல் ஓராண்டுச் சிறை.

1982இல் அடுத்த நாடகம், ‘மைத்து ஞுகிரா’. தேசிய அரங்கின் கதவு பூட்டப்பட்டது. பல்கலைக்கழகத்தில் நடந்த ஒத்திகையைப் பார்க்கவே கூட்டம் திரண்டது, அதையும் நிறுத்தினார்கள். அரங்கேறாத நாடகம், ஒத்திகையாக மட்டுமே பார்க்கப்பட்ட நாடகம். மார்ச் 12 அன்று, கிராமத்தார் தங்கள் கையால் கட்டியிருந்த திறந்தவெளி அரங்கைப் போலீஸ் தரைமட்டமாக்கியது.

மிரியி ஜிம்பாப்வேக்குத் தப்பினார். 2008இல் சாகும்வரை அங்கே சமூக நாடகக் குழுக்களோடு வேலை செய்துகொண்டிருந்தார்.