நபிமொழியும் சான்றாய்வும்

மகாவலியின் கிளையாறு கடலோடு கலக்கும் வெருகற் பகுதியில், குளக்கோட்டு மன்னன் கதையை முதியோர் இன்றும் கூறுவர். யாரிடம் கேட்டீர்கள் என வினவின், 'அந்தக் காலத்து ஆட்கள் சொன்னது' என்பதே விடையாகும். ஊர் வரலாறு எழுத முற்படுவோர்க்கு இவ்விடை போதாது. செவிவழிச் செய்தியைச் சோதிப்பது எங்ஙனம்? வடக்கே மூதூரில் வாழும் முஸ்லிம் மக்கள் போற்றும் ஹதீஸ் கலை இவ்வினாவுக்குத் தக்கதொரு விடை தருகின்றது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கி.பி. 632இல் மறைந்தார்கள். அன்னாரின் சொல்லும் செயலும் தோழர்களின் நினைவிலும் சிலருடைய ஏடுகளிலும் நிலைபெற்றன. 656இல் கலீபா உஸ்மான் கொலையுண்டபின் உட்பூசல்கள் மூண்டன. தத்தம் கட்சிக்கு ஆதரவாகச் சிலர் பொய்மொழிகளைப் புனைந்தனர். ஆகவே, கூறியவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என அறிஞர் வினவத் தலைப்பட்டனர். இவ்வாறு வளர்ந்ததே 'இஸ்னாத்' எனப்படும் அறிவிப்பாளர் தொடராகும்.

எனினும், பெயர்த்தொடர் மட்டுமே சான்றாகிவிடாது. நம் இறையனார் களவியலுரையும், நக்கீரர் முதல் முசிறி நீலகண்டனார் ஈறாக ஆசிரியர் பதின்மர் வழியே தான் வந்ததாகக் கூறுகின்றது. ஆயின், அவர்கள் எக்காலத்தவர், எத்துணை நினைவாற்றலுடையோர் என்னும் ஆராய்ச்சி ஆங்கில்லை. ஹதீஸ் அறிஞரோ தொடரின் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே சோதித்தனர். அறிவிப்பாளரின் காலம், பயணம், ஆசிரியர், மாணவர், ஒழுக்கம் ஆகியவற்றைத் தொகுத்த 'ரிஜால்' நூல்கள் பல எழுந்தன. நேர்மையாளரேனும் மறதியுடையவராயின் அவர் கூற்றின் தரம் தாழ்ந்தது. முதுமையில் நினைவு குழம்பியவராயின், குழப்பத்துக்கு முன் கேட்டவர் யார், பின் கேட்டவர் யார் எனவும் பிரித்தறிந்தனர். ஒரே செய்தியின் பல வடிவங்களை ஒப்புநோக்கிப் பிறழ்ச்சிகளைக் கண்டனர்.

இமாம் புகாரி (810–870) செய்தி தேடி ஹிஜாஸ், ஈராக், எகிப்து எனப் பல நாடுகள் சென்றார். ஆசிரியரும் மாணவரும் நேரிற் சந்தித்தமை உறுதிப்படல் வேண்டும் என்பது அவர் நிலை. இமாம் முஸ்லிமோ (இ. 875) இருவரும் ஒரு காலத்தவராய்ச் சந்திக்கக்கூடிய நிலையில் இருந்திருப்பின் போதும் என்றார். பேரறிஞர் இருவரும் அளவுகோலிலேயே வேறுபட்டமை, அக்கலையின் கண்டிப்பைக் காட்டுகின்றது.

இம்முறை ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. தொடர்கள் பலவும் பிற்காலத்தே முன்னோக்கி நீட்டப்பட்டவை என யோசப் ஷாக்ட் 1950இல் வாதிட்டார். முஸ்தபா அல் அஃஸமி முதலியோர் அதனை மறுத்தனர். ஆயினும், பலவீனமானதைப் பலவீனமானது என்றே குறித்துவைத்த நேர்மை, வரலாற்று மாணவர் கற்றுக்கொள்ளத்தக்கது.

வெருகற் கோயிற் கல்வெட்டொன்று கயில வன்னியனார் மதில் கட்டியதைச் சொல்கின்றது. கல்லில் எழுதியது காலத்தைத் தாண்டி நிற்கின்றது. முதியோரின் சொல்லுக்கு அவ்வுறுதி இல்லை. 2006ஆம் ஆண்டுப் போரில் வெருகல் மக்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தனர். கதையறிந்தோரும் ஒவ்வொருவராய் மறைகின்றனர். எஞ்சியோர் கூறுவதை, கூறியவர் பெயரோடும், அவர் யாரிடம் கேட்டார் என்பதோடும் நாம் இன்றே எழுதிவைத்தல் வேண்டும். அங்ஙனம் வினவுதல் மரபை ஐயுறுவதாகாது. அதுவே மரபைக் காக்கும் வழியாகும்.