சங்கிலி டிராக்டருக்கு வயசு பார்ப்பது எப்படி?

மாட்டுக்குப் பல்லைப் பிடிச்சுப் பார்த்து வயசு சொல்லிடுவோம். பழைய சங்கிலி டிராக்டருக்கு எங்கே பார்க்கிறது? அதுக்கும் இடம் இருக்குங்க.

முதல்ல பூர்வீகம். அமெரிக்காவில் கலிபோர்னியா பக்கம் ஸ்டாக்டன்னு ஒரு ஊர். அங்கே ஆத்துப்படுகை மண்ணு பொதபொதன்னு இருக்கும். கனமான நீராவி டிராக்டர் சக்கரம் புதைஞ்சு நின்னுடும். பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் 1904 நவம்பரில் பின்சக்கரத்தைக் கழட்டிட்டு சங்கிலிப் பட்டை மாட்டி ஓட்டிப் பார்த்தார். கம்பளிப்பூச்சி மாதிரி ஊர்ந்து போச்சு. அதுவே பேராச்சு. 1925-ல ஹோல்ட் கம்பெனியும் பெஸ்ட் கம்பெனியும் சேர்ந்து கேட்டர்பில்லர் கம்பெனி ஆனது.

1931 கடைசி வரைக்கும் அவங்க வண்டி சாம்பல் நிறம், அதுக்கப்புறம்தான் மஞ்சள். ஆனா நிறத்தை நம்பாதீங்க. கொம்பு சீவி எண்ணெய் தடவின மாடு மாதிரி, யார் வேணும்னாலும் மஞ்சள் பெயின்ட் அடிச்சு விடலாம்.

உதாரணத்துக்கு டி2 என்கிற சின்ன டீசல் வண்டி. 1938-லிருந்து 1957 வரை செஞ்சாங்க. பெரிய இன்ஜினைக் கிளப்பவே பக்கத்துல ரெண்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஒண்ணு இருக்கும். வண்டி எண்ணோட முதல் ரெண்டு எழுத்துதான் ஜாதகம். 3ஜே, 5ஜே என்றால் 1947 வரைக்கும் வந்தது. 4யு, 5யு என்றால் அதுக்குப் பிந்தினது. எண் சரிதானான்னு டேப் வச்சுப் பாருங்க. ஒரு சங்கிலியின் நடுவிலிருந்து மறு சங்கிலியின் நடுவு வரை 40 அங்குலம் இருந்தா 3ஜே அல்லது 4யு. 50 அங்குலம் இருந்தா 5ஜே அல்லது 5யு.

இன்ஜினில் ஒரு எண், பின்னாடி கியர் பெட்டியில் ஒரு எண் இருக்கும். ரெண்டும் ஒத்துப் போகலைன்னா, இன்ஜின் மாத்தின வண்டி. வண்டி வயசுக்குப் பின்னாடி எண்ணையும், பிஸ்டன் வாங்க இன்ஜின் எண்ணையும் பாருங்க. ஜே இன்ஜினுக்கு சிலிண்டர் விட்டம் மூணேமுக்கால் அங்குலம், யு இன்ஜினுக்கு நாலு. மாத்தி வாங்கினா காசு போச்சு.

இதெல்லாம் எதுக்குன்னு கேட்கலாம். பேர் தெரியாத வண்டிக்குச் சாமான் தேட முடியாது. சாமான் கிடைக்காத வண்டி நின்னுபோகும். நின்னுபோனதை இரும்புக் கடைக்காரர் கிலோ கணக்கில் எடை போட்டுக்கிட்டுப் போயிடுவார். எத்தனையோ காட்டைத் திருத்திக் கழனியாக்கின இரும்பு அது.

அதனால துருவைக் கண்டதும் கிரைண்டரை எடுக்காதீங்க. டீசல் தொட்ட துணியால மெதுவா துடைங்க. அப்புறம் சாக்பீஸைத் தேய்ங்க. மழுங்கின எண்ணும் வெள்ளையா எழும்பி வரும்.