தடிப்புக்கு வந்த மருந்து

1947. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், தோல் தடிப்புக்காக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்த ஒரு கர்ப்பிணி, டாக்டர்களிடம் இன்னொரு சேதியும் சொன்னார்: தடிப்புக்கு நீங்கள் தந்த இந்த மாத்திரையைப் போட்டால் டிராமில் வரும்போது குமட்டுவதில்லை. லெஸ்லி கே, பால் கார்லினர் என்ற அந்த இரு டாக்டர்களும் அதைக் காதில் போட்டுக்கொண்டார்கள். மறு ஆண்டே, அட்லாண்டிக்கைக் கடந்த படைக்கப்பலில் வீரர்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். பயணக் குமட்டலுக்கு டிராமமின் வந்தது அப்படித்தான்.

மருந்துக்கடையில் பாதி ஆயுளைக் கழித்த எனக்கு, ஒவ்வாமை மருந்துகளின் வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இது. மருந்தைச் சாப்பிட்டவர் வாய்திறந்தார், கொடுத்தவர் கேட்டார்.

ஒவ்வாமையின்போது அரிப்பையும் தடிப்பையும் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற பொருள் உடலில் என்னென்ன செய்யும் என்பதை ஹென்றி டேலும் பேட்ரிக் லெய்ட்லாவும் 1910இல் எழுதினார்கள். அதைத் தடுக்கும் முதல் பொருள்களை 1937இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவேயும் ஆன் மரி ஸ்டாபும் கண்டார்கள். கினிப்பன்றிகளைக் காத்த அவை மனிதருக்கு ஆகாத அளவு நச்சு. 1942இல் ஆண்டெர்கான் என்ற மருந்து வந்த பிறகே நோயாளிகள் பயன் கண்டார்கள். 1946இல் அமெரிக்காவில் பெனட்ரில் விற்பனைக்கு வந்தது. போவேக்கு 1957இல் நோபல் பரிசு.

இந்த மருந்துகளால் அரிப்பு அடங்கியது, ஆனால் தூக்கம் வந்து அழுத்தியது. மூளையை விழிப்பாக வைத்திருப்பதிலும் ஹிஸ்டமினுக்குப் பங்குண்டு. பழைய மருந்துகள் மூளைக்குள்ளும் புகுந்து அதைத் தடுத்துவிடும். 1980களில் வந்த மருந்துகள் மூளைக்குள் அவ்வளவாகப் போவதில்லை. அவற்றில் டெர்ஃபெனடின் சிலருக்கு இதயத் துடிப்பைக் குலைத்ததால் கைவிடப்பட்டது. உடலுக்குள் அது மாறி உண்டாகும் ஃபெக்ஸோஃபெனடினே அதன் இடத்துக்கு வந்தது. ஹைட்ராக்சிசின் என்ற பழைய மருந்து உடலில் மாறி உண்டாவதுதான் இன்றைய செட்ரிசின்.

"காணாக்கடிக்கு மாத்திரை" என்று கழுத்தைச் சொறிந்தபடி வருபவரிடம், சீட்டில் பழைய வகை மருந்தான அவில் இருந்தாலும் செட்ரிசின் இருந்தாலும், வண்டி ஓட்டுவீர்களா என்று கேட்காமல் நான் கொடுத்ததில்லை. செட்ரிசினும் சிலரை அசத்திவிடும். உதடும் நாக்கும் வீங்கி மூச்சுத் திணறினால் மாத்திரையை நம்பி உட்காரக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அங்கே உயிர் காப்பது அட்ரினலின் ஊசி. மற்றபடி, மாத்திரை போட்டபின் மயக்கமோ படபடப்போ எதுவானாலும் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். கேட்டு மாற்றித் தர இன்று அவர் கையில் வேறு மருந்துகள் இருக்கின்றன.