மண்ணுக்குள் மறையும் எண்ணெய்

சேலத்திலிருந்து தருமபுரிக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? தொப்பூர்க் கணவாயில் டாங்கர் லாரிகள் வரிசையாக ஊர்ந்து செல்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சரிவில் ஒரு டாங்கர் கவிழ்ந்தால், உயிர்ச்சேதத்தையும் போக்குவரத்து நின்றதையும் மறுநாள் செய்தித்தாளில் படிக்கலாம். கொட்டிய எண்ணெய் எங்கே போயிற்று என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

தருமபுரி மாவட்டத்தில் எண்ணெய்க் கிணறு தோண்ட யாரும் வரப்போவதில்லை. கச்சா எண்ணெய் கிடைப்பது பெரும்பாலும் படிவுப் பாறைகளில்தான். இங்குள்ளவையோ ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடைய கடினப் பாறைகள். ஆயினும் எண்ணெய் இந்த மாவட்டத்தைக் கடந்து போகிறது. கோவை அருகிலுள்ள இருகூரிலிருந்து கர்நாடகத்தின் தேவனகொந்திக்குப் பெட்ரோலியப் பொருள்களைக் கொண்டுசெல்லும் குழாய்த் திட்டம் வந்தபோது, அது விளைநிலங்களின் வழியே வேண்டாம், சாலையோரமாகப் போகட்டும் என்று உழவர்கள் போராடினர். அவர்கள் அஞ்சியதில் பொருள் உண்டா? அதற்கு விடை காண அமெரிக்காவுக்குப் போய்வர வேண்டும்.

1979 ஆகஸ்டு 20ஆம் நாள், மின்னசோட்டா மாநிலத்தில் பெமிஜி என்ற ஊருக்கு அருகே கச்சா எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்தது. ஏறத்தாழ 17 லட்சம் லிட்டர் எண்ணெய் பீறிட்டது. பள்ளம் வெட்டி எண்ணெயைத் திரட்டினார்கள், பம்பு வைத்து இறைத்தார்கள், சிறிது எரித்தார்கள், ஊறிய மண்ணை அள்ளினார்கள். இவ்வளவும் செய்து முடித்த பிறகும் ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது! மணற்பாங்கான நிலமாதலால் எண்ணெய் கீழே இறங்கி, நிலத்தடி நீரின்மேல் மிதந்தது.

1983 முதல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை அந்த இடத்தை ஒரு திறந்தவெளி ஆய்வுக்கூடமாகவே ஆக்கிக்கொண்டது. அங்கே கண்டது என்ன? எண்ணெயிலிருந்து பென்சீன் போன்ற நச்சுப் பொருள்கள் நீரில் கரைந்து நகர்ந்தன. ஆனால் எதிர்பார்த்த தொலைவுக்கு அவை போகவில்லை. வழியிலேயே மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்று தீர்த்தன. ஆக்சிஜன் தீர்ந்துபோன இடத்தில் மண்ணிலுள்ள இரும்புச் சேர்மங்களைக் கொண்டு அவை சுவாசித்தன. வியப்பாக இருக்கிறதல்லவா? ஆனால் இந்த வேலை மிக மெதுவானது. பல பத்தாண்டுகள் கழிந்தும் அங்கே எண்ணெய் இருக்கிறது.

இந்த வேலையை விரைவுபடுத்த முயன்றவர்களில் ஒருவர் நம் நாட்டில் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி. பலவகை ஹைட்ரோகார்பன்களைச் சிதைக்கும் ஆற்றல்களை ஒரே பாக்டீரியாவில் சேர்த்தார். அதற்குக் காப்புரிமை உண்டு என்று 1980இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. சட்ட உலகில் புகழ்பெற்ற அந்த பாக்டீரியா, வயல்வெளியில் பெரிதாக வேலை பார்க்கவில்லை என்பது வேறு கதை. பின்னாளில் டில்லியிலுள்ள டெரி நிறுவனம் எளிய வழியில் சென்றது. எண்ணெய் தின்னும் இயற்கையான பாக்டீரியாக்களைத் தேர்ந்தெடுத்து, மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரின் சக்கைத் தூளில் ஏற்றியது. எண்ணெய் ஊறிய மண்ணில் இதைத் தூவி, தழைச்சத்தும் மணிச்சத்தும் இட்டு, உழுது, ஈரம் காக்க வேண்டும். எண்ணெயில் கரி நிறைய உண்டு. மற்ற சத்துகள் இல்லை. ஆகவே பாக்டீரியாவுக்கும் உரம் வேண்டும்! அசாமிலும் குஜராத்திலும் இந்த முறை பயன்பட்டது.

நம் மாநிலத்திலும் மறக்க முடியாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2017 ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் நிலத்தடிக் குழாய் கசிந்து, கச்சா எண்ணெய் வயலில் பரவியது. மாவட்ட ஆட்சியர் நேரில் வரவேண்டும் என்று மக்கள் கூடினர். தடியடியும் கைதுகளும் நடந்தன. மண்ணைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் எழுந்த கேள்வி சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாக மாறிவிட்டது. கசிவு ஏற்பட்ட ஊரில் முதலில் தேவைப்படுவது மண்வெட்டியும் உண்மைத் தகவலும்தான் என்பேன்.

இனித் தருமபுரிக்குத் திரும்புவோம். பெமிஜியில் மணல், கதிராமங்கலத்தில் ஆற்று வண்டல். இங்கோ மெல்லிய மண்போர்வை, அதன் கீழே வெடிப்புகள் நிறைந்த பாறை. கிணற்றுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் ஊற்று வருவது அந்த வெடிப்புகளின் வழியாகத்தான். எண்ணெயும் அதே வழியில் போகும். கச்சா எண்ணெயைவிட டீசலும் பெட்ரோலும் இளகியவை, விரைவாக இறங்கும். பாறை இடுக்கில் புகுந்ததை அள்ளவும் முடியாது, உழவும் முடியாது. ஆகவே முதல் சில மணி நேரம்தான் நம் கையில் இருக்கிறது. சரிவின் கீழ்ப்புறம் மண்ணணை போட்டு, எண்ணெய் ஓடைக்குள் இறங்காமல் தடுக்க வேண்டும். தீ அபாயம் இருப்பதால் இது தீயணைப்புத் துறையினர் முன்னிலையில் நடக்க வேண்டும். தண்ணீரைப் பாய்ச்சிச் சாலையைக் கழுவிவிடுவது பார்வைக்குச் சுத்தம்; எண்ணெயோ பக்கத்து நிலத்துக்குப் போய்விடும்.

அருகில் டாங்கர் கவிழ்ந்தபின் உங்கள் கிணற்று நீரில் டீசல் வாடை வந்தால், மோட்டாரைப் போடாதீர்கள். இறைக்க இறைக்க எண்ணெய் கிணற்றை நோக்கி இழுக்கப்படும். கிணற்றில் தேங்கிய ஆவி ஒரு பொறியில் தீப்பற்றவும் கூடும். அந்த நீரைக் குடிக்காமல், மாடுகளுக்கும் காட்டாமல், தீயணைப்பு நிலையத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அன்றே தெரிவியுங்கள்.