லயத்துக் கட்டமும் மெய்நிகர் மேசையும்

நெகிரி செம்பிலான் மாநிலத் தலைநகரான சிரம்பானுக்குத் தென்மேற்கே அமைந்த செண்டாயான், இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்னும் புதுநகரின் பெயரால் பரவலாக அறியப்பட்டாலும், இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அது தோட்டப்புறமாகவே இருந்தது. 1891-இல் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த சுங்கை ஊஜோங் இரயில் பாதையும், அதன்பின் வந்த ரப்பர்ப் பயிரும், இந்த வட்டாரத்தைத் தமிழ்த் தொழிலாளர் குடியேறும் இடமாக மாற்றின. திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு மாவட்டக் கிராமங்களிலிருந்து கங்காணிகள், அதாவது தம் ஊர்க்காரரையும் உறவினரையும் ஆள் சேர்த்து அழைத்துவந்த மேற்பார்வையாளர்கள், கொண்டுவந்த குடும்பங்கள் பெரும் உடைமைகளோடு கப்பலேறவில்லை. அவர்களோடு சுமையின்றி வந்தவற்றுள் கட்டம் வரைந்து ஆடும் விளையாட்டுகளும் அடங்கும். அவற்றுக்கு வேண்டியவை தரையும் கரித்துண்டும் கொட்டைகளும் மட்டுமே.

இவ்விளையாட்டுகளுக்கான பொழுதைத் தோட்ட வேலையின் அமைப்பே வகுத்தது. குளிர்ந்த அதிகாலையில்தான் ரப்பர் மரத்திலிருந்து பால் தாராளமாக வடியும் என்பதால், விடியுமுன் பெரட்டு எனப்படும் ஆள்கணக்கெடுப்பு முடிந்து, வெயில் ஏறுமுன் மரம் சீவி, நண்பகலை ஒட்டிப் பால் சேகரித்து நிறுத்துக் கொடுத்தபின் பிற்பகல் ஓரளவு ஓய்ந்தது. மழை பெய்து மரப்பட்டை நனைந்த நாட்களில் பால்வெட்டே நடவாது, அன்றைய வருமானமும் குறையும். அத்தகைய பொழுதுகளில் லயம் எனப்படும் வரிசை வீடுகளின் வாசலும் கோயில் மண்டபத்துத் தரையும் ஆட்டக்களங்களாயின.

பெண்களும் சிறுவரும் விரும்பிய பல்லாங்குழி, இரு வரிசையாக அமைந்த பதினான்கு குழிகளில் கொட்டைகளை ஒவ்வொன்றாக இட்டுச் சுற்றிவந்து எதிராளியின் குழிகளை வெறுமையாக்கும் எண்ணல் ஆட்டமாகும். அதற்கு ஏற்ற கொட்டைகளாக, மலாய்க்காரர் சாகா என்றழைக்கும் மஞ்சாடி மரத்தின் சிவந்த விதைகள் மலாயாவில் எங்கும் கிடைத்தன. அண்டை மலாய்க் கிராமங்களில் ஆடப்பட்ட சோங்காக், இரு முனைகளிலும் சேமக்குழி கொண்ட படகு வடிவப் பலகையில் நிகழ்ந்ததால் தோற்றத்தில் வேறுபட்டாலும் அதன் ஆட்டமுறை பல்லாங்குழிக்கு மிக நெருங்கியது. மூன்று புலிகள் பதினைந்து ஆடுகளை வேட்டையாடும் ஆடுபுலி ஆட்டத்துக்கும் மலாய் மரபில் ரிமாவ் என்னும் உறவு ஆட்டம் உண்டு.

தாயம் இவற்றுள் தனியே கவனிக்கத் தக்கது. நீண்ட நாற்பக்கக் கட்டைகள் இரண்டை உருட்டி ஆடும் இவ்வாட்டத்தில், ஒவ்வொரு கட்டையிலும் மூன்று முகங்கள் முறையே ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள் கொண்டிருக்க, நான்காம் முகம் வெறுமையாக இருக்கும். ஒன்றும் வெறுமையும் சேர்ந்து விழுந்தால் தாயம், இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு. தாயம் விழாமல் காய் இறக்க முடியாது. கணக்குப்படி அது எட்டு வீச்சுக்கு ஒருமுறையே எதிர்பார்க்கத் தக்கது. வெண்கலக் கட்டை இல்லாத வீட்டில் ஒருபக்கம் தேய்த்து வெளுத்த புளியங்கொட்டைகள் அந்தப் பணியைச் செய்தன. எதிராளியின் காயை ஒருமுறையேனும் வெட்டியவரே உள்சுற்றில் நுழையலாமா, எந்த எண்களுக்கு மறுவீச்சு உண்டு என்பவை ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் மாறின. பல மாவட்டத்தார் ஒரே லயத்தில் அடுத்தடுத்து வாழ்ந்த தோட்டத்தில் ஒவ்வோர் ஆட்டமும் விதியைப் பேசி முடிவுசெய்தபின்னரே தொடங்க வேண்டியிருந்திருக்கும். இந்தப் பேச்சே ஆட்டத்தின் உயிர்ப்பகுதி என்று கருதுவது மிகையாகாது.

அந்தக் கூட்டுவாழ்வு சிதைந்த விதம் வேதனைக்குரியது. 1950-களில் அந்நிய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டுதுண்டாக விற்றனர். தோட்டத் துண்டாடல் எனப்பட்ட அந்நிகழ்வைப் பொருளியலறிஞர் உங்கு அசீஸ் விரிவாக ஆராய்ந்தார். அதை எதிர்கொள்ளவே மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பின்னர் செம்பனையும் வீடமைப்பும் ரப்பர் நிலத்தை விழுங்கின. குடியிருப்பு வேலையோடு பிணைந்திருந்ததால் வேலை போனபோது வீடும் போயிற்று. ஒரே வாசலில் அமர்ந்தவர்கள் சிரம்பானின் அடுக்குமாடிகளுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் சிங்கப்பூருக்கும் பிரிந்தனர்.

பிரிந்திருப்போர் ஒரே ஆட்டத்தை ஆடுவது புதிய கருத்தன்று. இலண்டன், எடின்பரோ நகரச் சதுரங்கக் கழகங்கள் 1824 முதல் 1828 வரை கடிதம்வழி மோதின. கோவிட்-19 பெருந்தொற்றின்போது, 2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்து குடும்பங்கள் வீட்டுக்குள் அடைபட்டபோது இணைய ஆட்டங்கள் அன்றாடத் தேவையாயின. இவற்றுள் இரு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். 2016-இல் இந்தியாவில் வெளிவந்த லூடோ கிங் போன்ற செயலிகளில் விதி நிரலுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. பச்சீசி என்னும் இந்திய ஆட்டத்திலிருந்து பிறந்து, 1896-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற லூடோவின் வழியே அவை செல்கின்றன. மற்றொரு வகை மெய்நிகர் மேசை: மேசை, காய், பகடை ஆகியவற்றைக் கணினித் திரையில் உருவாக்கி, தொலைவிலிருப்போர் ஒருசேர அவற்றை நகர்த்த இடந்தரும் மென்பொருள். 2015-இல் முழுமையாக வெளியான டேபிள்டாப் சிமுலேட்டர் அத்தகையது. கட்டத்தின் படத்தை ஏற்றி, காய்களைப் பரப்பினால் போதும். விதி எதையும் அது வற்புறுத்துவதில்லை, வெட்டு செல்லுமா செல்லாதா என்பதை ஆடுவோரே பேசித் தீர்க்க வேண்டும்.

தோட்டத்துத் தாயத்துக்கு இவ்விரண்டில் இரண்டாவதே உரிய இடம். செயலி எளிது, கைபேசியிலேயே இயங்கும். மெய்நிகர் மேசைக்கோ கணினியும் பழக்கமும் தேவைப்படுவதால் முதியோருக்கு அது கடினம். ஆயினும் ஒரே விதியை எல்லார்மீதும் விதிக்கும் செயலியில் பாட்டியின் தாயத்துக்கு இடமில்லை. மேசையில் அது உண்டு. சிங்கப்பூரிலிருக்கும் பேரனும் சிரம்பானிலிருக்கும் பாட்டியும் குரல் அழைப்பில் பேசியபடி, தம் வீட்டு முறைப்படியே ஆட முடியும்.

கைத்திறம் மட்டும் இந்த மாற்றத்தில் கூடவரவில்லை. கட்டைகளை உள்ளங்கைகளுக்கிடையே உரசி உருட்டுவோரில் சிலர் வேண்டிய எண்ணை வரவழைப்பர் என்ற நம்பிக்கை தாயம் ஆடுவோரிடையே வலுவானது. எண்ணை நிரல் முடிவுசெய்யும் பகடையில் அத்திறமைக்கு வேலையில்லை. அதற்கு ஈடாகக் கிடைத்தது, பாதியில் நின்ற ஆட்டத்தைக் காய்கள் நின்ற நிலையிலேயே சேமித்து, அடுத்த விடுமுறையில் தொடரும் வசதி. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கத் தாயமும் பரமபதமும் ஆடும் வழக்கமுள்ள குடும்பங்களுக்கு, ஊர்கள் பலவற்றில் பிரிந்திருந்தும் அந்த இரவை ஒன்றாகக் கழிக்க இதுவே போதுமானதாகும்.